சாவி யார் கையில்?



ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே உள்ள ஒரு சிற்றூர் நான் வாழும் ஊர். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வேலையில் சேர்ந்த நாளில் எங்கள் பகுதி ஏரிகளும் நெல்வயல்களும் நிறைந்த நாட்டுப்புறமாக இருந்தது. இராமாநுசர் அவதரித்த தலம் என்பதற்காகவே வெளியூரார் அங்கு வருவர். பிறகு காலம் மாறிற்று. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2006-இல் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை வந்தது. 2014 நவம்பர் முதல் நாள் அது மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. 2019 முதல் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் பூட்டப்பட்டு உலகச் சந்தைக்குச் செல்லுகின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் தொழிலாளர் விடுதி ஒன்று திறக்கப்பட்டது. அதில் 18,720 பெண்கள் தங்கலாம். ஒரு சிறு நகரத்தின் மக்கள் தொகை அது!

மாலையில் ஷிப்டு மாறும் வேளையில் சுங்குவார்சத்திரம் சாலையோரம் நின்று பாருங்கள். வரிசை வரிசையாகக் கம்பெனிப் பேருந்துகள் வரும். அவற்றிலிருந்து இறங்கும் இளம்பெண்களின் கைகளில் எல்லாம் கைப்பேசி ஒளிரும். பகலெல்லாம் பிறருக்காகக் கைப்பேசி செய்தவர்கள், மாலையில் தம் கைப்பேசியில் தாயுடனும் தங்கையுடனும் பேசிக்கொண்டு நடப்பார்கள். அப்படி நடப்பவர்களுள் என் பழைய மாணவியரும் சிலர் உண்டு.

அவர்களுள் ஒருத்தி சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். அவள் தந்தையை நான் நன்கறிவேன். பகலில் விவசாயக் கூலி. கோடையில் திருவிழா தொடங்கிவிட்டால் தெருக்கூத்தில் வேடம் கட்டுவார். கணீரென்ற குரல். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானார். அவருடைய படங்களையும் அவர் பாடிய சில கூத்துப் பாட்டுகளையும் மகள் தன் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தாள். கைப்பேசி நிறைந்துவிடும் என்று அஞ்சி, இணையத்தில் ஒரு நிறுவனம் இலவசமாக அளித்த சேமிப்புக் கணக்கில் அவற்றை ஏற்றிவிட்டாள்.

பின்னர் அவள் வேலை மாறினாள், விடுதி மாறினாள், புதிய சிம் வாங்கினாள். பழைய எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யவில்லை. நெடுநாள் பயன்படாத எண்ணைத் தொலைபேசி நிறுவனங்கள் நிறுத்திவிட்டுச் சில மாதங்களுக்குப் பின் வேறொருவருக்கு வழங்குவது வழக்கம். அந்த எண்ணும் அப்படியே யாரிடமோ போய்விட்டது. ஒரு நாள் அவள் கைப்பேசி கீழே விழுந்து பழுதாயிற்று. புதியது வாங்கிக் கணக்கைத் திறக்க முயன்றாள். "உன் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம்" என்றது கணக்கு. எந்த எண்ணுக்கு? இப்போது முன்பின் அறியாத ஒருவரிடம் இருக்கும் அந்தப் பழைய எண்ணுக்கு!

"சார், ஒரு நாளைக்கு எத்தனையோ போன் என் கை வழியாகப் போகிறது. என் அப்பாவின் பாட்டை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை" என்றாள் அவள். சற்றுப் பொறுத்து, "இதற்கு மனு கொடுக்க ஆபீஸ் எங்கே சார் இருக்கிறது?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் கற்றுக்கொண்டவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தியைத் தெளிவாக உணர வேண்டும். கைப்பேசி நாம் விலை கொடுத்து வாங்கிய பொருள். ஆனால் அதன் வழியே நாம் பயன்படுத்தும் சேமிப்புக் கணக்கும் செய்திக் குழுவும் படத் தொகுப்பும் நம் கைப்பேசிக்குள் இருப்பவை அல்ல. அவை எங்கோ ஒரு நிறுவனத்தின் சர்வர் என்னும் பெருங்கணினிகளில் இருக்கின்றன. நம் கைப்பேசி அந்த அறைக்கு ஒரு சன்னல் போன்றது. சன்னல் நமக்குச் சொந்தம். அறை நமக்குச் சொந்தம் அன்று. அறையின் பூட்டை மாற்றவும், வாடகை கேட்கவும், உள்ளே இருப்பவற்றைக் கணக்கெடுத்து விளம்பரக்காரருக்குப் பயன்படுத்தவும் அறைக்குரியவரால் இயலும். கணக்குத் தொடங்கும் நாளில் நாம் படிக்காமலே "சம்மதம்" என்று தொட்டோமே, அந்த நீண்ட ஆவணத்தில் இவை எல்லாம் எழுதியிருக்கும்.

பூட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓ.டி.பி. கேட்பதால்தான் திருடன் நம் கணக்கில் நுழைய முடிவதில்லை. அந்த நிறுவனம் கேட்டவர்க்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டால், பழைய எண்ணை இன்று வைத்திருப்பவரும் அந்தப் பெண்ணின் படங்களைப் பார்த்துவிடலாம் அல்லவா? ஆகவே பூட்டு வேண்டும். பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது, அது தொலைந்தால் யாரிடம் முறையிடுவது, அறை பிடிக்கவில்லை என்றால் நம் பொருள்களை எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா என்பவையே நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

முறையீட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். எங்கள் மாவட்டம் ஏரிகள் மலிந்தது. ஏரி நீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியை ஊரார் அனைவரும் அறிவர். என் வயலுக்கு முறைப்படி நீர் வரவில்லை என்றால் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கேட்கலாம். அவர் சரியாக விடை கூறாவிட்டால் ஊர்க் கூட்டத்தில் சொல்லலாம். மதகின் அதிகாரம் அவர் கையில் இருந்தாலும், அவர் ஊருக்குக் கட்டுப்பட்டவர்.

இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூருக்கு நீங்கள் பள்ளிச் சுற்றுலா சென்றிருக்கலாம். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை அவை கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் உறுப்பினன் ஆக முடியாது; அவனுடைய நெருங்கிய உறவினரும் ஆக முடியாது. அது நிலமுடைய பிராமணர்களின் சபை. பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் அதில் இடமில்லை. அக்குறையை மறைத்துப் பெருமை பேசுவது வரலாற்றுக்கு அழகாகாது. ஆயினும், அதிகாரம் செலுத்துவோருக்குரிய விதியைச் சுவரில் வெட்டி வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இரவோடு இரவாக எவரும் அதை மாற்றிவிட முடியாது.

இன்று கோடிக்கணக்கானவர்கள் புழங்கும் தளங்களின் விதி எந்தச் சுவரில் இருக்கிறது? பெரும்பாலும் ஆங்கிலத்தில், பல பக்கங்களில், நிறுவனம் நினைத்தபோது மாற்றக்கூடிய வடிவில் இருக்கிறது. இக்குறையைப் போக்க நம் நாட்டில் சில முயற்சிகள் நடந்துள்ளன. 2017 ஆகஸ்டு 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் என்பது அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், இத்தகைய தளங்கள் ஒவ்வொன்றும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை அமர்த்தி, அவர் பெயரையும் தொடர்பு கொள்ளும் வழியையும் வெளியிட வேண்டும் என்கின்றன. முறையீடு வந்த 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்க வேண்டும். குறித்த நாளுக்குள் தீர்வு கூற வேண்டும். அத்தீர்வு நமக்கு நிறைவளிக்காவிட்டால், 2023-இல் மத்திய அரசு அமைத்த குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவை 30 நாளுக்குள் அணுகலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம்.

2023-இல் நிறைவேறிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி செல்லுகிறது. நம்மைப் பற்றி ஒரு நிறுவனம் என்ன தகவல் வைத்திருக்கிறது என்று கேட்கவும், பிழையைத் திருத்தச் சொல்லவும், நீக்கச் சொல்லவும் அது உரிமை தருகிறது. நம் சம்மதத்தைக் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் படிக்கவும் வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது. அதாவது, தமிழில் தாருங்கள் என்று நாம் கேட்கலாம். இச்சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான பகுதிகள் நடைமுறைக்கு வர அவை பதினெட்டு மாதத் தவணை தந்துள்ளன.

இரண்டாவது கேள்வி வெளியேறுவது பற்றியது. கடைக்காரர் நியாயமாக நடந்துகொள்வது ஏன்? அடுத்த கடைக்கு நாம் போய்விடக்கூடும் என்பதை அவர் அறிவார். போகவே முடியாது என்ற நிலை வந்துவிட்டால் நியாயம் குறையத் தொடங்கும். கைப்பேசி எண்ணின் வரலாறு இதற்கு நல்ல சான்று. முன்பெல்லாம் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் சேவை பிடிக்காமல் வேறொன்றுக்கு மாறினால் எண்ணையும் இழக்க வேண்டும். உறவினர், மளிகைக் கடைக்காரர், வங்கி அனைவருக்கும் புதிய எண்ணைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தொல்லைக்கு அஞ்சியே பலர் குறைகளைப் பொறுத்துக்கொண்டனர். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2010 நவம்பரில் அரியானாவில் தொடங்கி, 2011 சனவரி 20 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. இன்று 1900 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி அதனைத் தொடங்கலாம். எண் நம்மோடு வருகிறது. நிறுவனங்கள் தாமாக மனமுவந்து இதைச் செய்யவில்லை. ஒழுங்குமுறை ஆணையம் விதி வகுத்தது. அதன் பின்னரே நடந்தது.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் கூறுகிறேன். 2001-ஆம் ஆண்டில் எங்கள் பள்ளியின் வரலாற்றைத் தொகுத்து ஒரு மலர் வெளியிட்டோம். ஊர்ப் பெரியவர்களை நேரில் கண்டு கேட்டு எழுதியது அது. அக்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டு முறையைப் பின்பற்றின. ஒரு எழுத்துருவில் ஓர் எழுத்து இருந்த இடத்தில் வேறொன்றில் வேறோர் எழுத்து இருக்கும். பத்தாண்டு கழித்துப் புதிய கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தேன். ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் கொம்புகளுமாக ஏதோ ஒன்று திரையில் நின்றது. அச்சிட்ட படிகளோ வெள்ளத்தில் நனைந்து போயிருந்தன. எங்கள் சொற்கள் எங்கள் கோப்பில்தான் இருந்தன. ஆயினும் எங்களால் படிக்க முடியவில்லை.

பின்னர் நடந்தது நன்மை. அந்தப் பழைய எழுத்துருவின் குறியீட்டு அட்டவணையை ஆராய்ந்து, அதனை யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டுக்கு மாற்றும் கருவியைத் தமிழ் ஆர்வலர் சிலர் எழுதி, எல்லாரும் பயன்படுத்துமாறு இணையத்தில் வைத்திருந்தனர். அதன் உதவியால் மலர் முழுவதும் மீண்டது. தமிழக அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்று நீங்கள் எந்தக் கைப்பேசியில் தமிழில் எழுதினாலும் வேறு எந்தக் கைப்பேசியிலும் அது தமிழாகவே தெரிகிறது. இது இயற்கையாக அமைந்தது என்று எண்ணாதீர்கள். ஒருவருக்கே உரிமையான குறியீட்டை விட்டு அனைவருக்கும் பொதுவான குறியீட்டுக்கு நாம் வந்ததால் அமைந்தது.

இந்த வெளியேறும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஒருவர் தாம் அளித்த தகவலை, வேறொரு கணினி படிக்கக்கூடிய வடிவில் திரும்பப் பெற்று, வேறு நிறுவனத்துக்குக் கொண்டு செல்லலாம். நம் நாட்டில் 2019-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவிலும் இவ்வுரிமை இருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அது இடம்பெறவில்லை. நாளை சட்டம் பயிலப்போகும் மாணவர்கள் இந்த இடைவெளியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வி, ஒரு நிறுவனத்தில் இருப்பவர் மற்றொரு நிறுவனத்தில் இருப்பவரோடு தொடர்பு கொள்ள முடியுமா என்பது. காஞ்சிபுரம் அஞ்சலகத்தில் போட்ட கடிதம் யாழ்ப்பாணத்துக்கும் போகிறது, பாரிசுக்கும் போகிறது. மின்னஞ்சலும் அவ்வாறே அமைந்தது. யாரிடம் கணக்கு வைத்திருந்தாலும் யாருக்கும் எழுதலாம். ஆனால் பின்னர் வந்த செய்திச் செயலிகள் மதில் சூழ்ந்த தோட்டங்கள் ஆயின. உள்ளே இருப்பவர் உள்ளே இருப்பவரோடு மட்டுமே பேசலாம். ஊரார் அனைவரும் ஒரே தோட்டத்தில் இருக்கும்போது, விதி பிடிக்காத ஒருவர் மட்டும் வெளியேறி என்ன செய்வார்? தனிமைதான் மிஞ்சும். எங்கள் ஊர்த் தொழிலாளர் சிலரிடம் கேட்டேன். ஷிப்டு மாற்றம் முதல் பேருந்து நேரம் வரை எல்லாச் செய்தியும் செயலிக் குழுவிலேயே வருகிறது. விலகினால் பேருந்தைத் தவறவிட நேரும் என்றார்கள்.

மதிலில் வாயில் வைக்க முடியும் என்பதற்கு நம் நாடே சான்று. பணம் அனுப்பும் செயலிகள் முதலில் வந்தபோது, ஒன்றில் போட்ட பணத்தை மற்றொன்றுக்கு அனுப்ப முடியாது. 2016 ஏப்ரலில் தேசியக் கொடுப்பனவுக் கழகம் யு.பி.ஐ. என்னும் பொது முறையைத் தொடங்கிற்று. இன்று நீங்கள் எந்தச் செயலி வைத்திருந்தாலும், எந்த வங்கியில் கணக்கிருந்தாலும், ஒரகடம் கூட்டுச் சாலையில் இளநீர் விற்பவருக்குப் பணம் அனுப்பலாம். அவர் எந்தச் செயலி வைத்திருக்கிறார் என்று கேட்பதில்லை. இதிலும் ஒரு குறையுண்டு. சாலை பொதுவாக இருந்தும், இரண்டு நிறுவனங்களின் செயலிகளே பெரும்பங்குப் பரிமாற்றத்தைக் கையாளுகின்றன. பொதுச் சாலை அமைத்துவிட்டோம் என்று கண்ணயர்ந்துவிடலாகாது என்பதே இதன் பொருள்.

ஐரோப்பிய ஒன்றியம் தன் எண்ணிமச் சந்தைச் சட்டத்தின் கடமைகளை 2024 மார்ச்சு முதல் மிகப் பெரிய நிறுவனங்கள் மீது சுமத்திற்று. வாட்ஸ்அப் போன்ற பெரிய செய்திச் செயலிகள், விரும்பிக் கேட்கும் பிற செயலிகளுக்கு வாயில் திறக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. செய்தியின் மறைகாப்பைக் கெடுக்காமல் வாயில் திறப்பது எளிதன்று எனப் பொறியாளர் கூறுவதில் உண்மை இருக்கிறது. கடினமானது என்பதற்கும் கூடாதது என்பதற்கும் வேறுபாடு உண்டு. 2016-இல் தோன்றிய மாஸ்டடான் போன்ற சமூகத் தளங்கள் வேறொரு வழியைக் காட்டுகின்றன. அங்கே ஒரே முதலாளி இல்லை. பல்கலைக்கழகம் ஒன்றோ, நண்பர் குழு ஒன்றோ தன் சர்வரைத் தானே நடத்தலாம். ஆயினும் மற்றச் சர்வர்களில் இருப்பவரோடு பேசலாம்.

நான்காவது, தேர்ந்தெடுக்கும் உரிமை. 2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனம் ரிலையன்சு கம்யூனிகேசன்சோடு சேர்ந்து ஒரு திட்டத்தைத் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் தொடங்கிற்று. பின்னர் அதன் பெயர் "ஃப்ரீ பேசிக்ஸ்" ஆயிற்று. குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் கட்டணமின்றிப் பார்க்கலாம். மற்றவற்றுக்குக் கட்டணம் உண்டு. ஏழைக்கு இலவசம் என்றால் நன்மைதானே என்று முதலில் நானும் எண்ணினேன். பிறகு நூலகத்தை நினைத்துப் பார்த்தேன். பத்து நூல்களை மட்டும் அடுக்கி வைத்து, இவை உனக்கு இலவசம், மற்ற அலமாரிகளுக்குச் சீட்டு வாங்கு என்று ஒரு நூலகர் கூறினால், அந்தப் பத்து நூல்களைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று கேட்க வேண்டாமா? 2015-இல் இணையச் சமன்மை பற்றித் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் மக்கள் கருத்தைக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8-இல், தளத்துக்குத் தளம் வேறு வேறு கட்டணம் கூடாது என ஆணையம் விதி செய்தது. சில நாள்களில் அந்தத் திட்டம் இந்தியாவில் கைவிடப்பட்டது. எழுதியவர்களுள் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். ஒரு கடிதத்தால் என்ன ஆகும் என்று சோர்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கைப்பேசியிலும் இதே கேள்வி எழுந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசி செய்வோர் கூகுளின் செயலிக் கடையை வேண்டினால், அந்நிறுவனத்தின் மற்றச் செயலிகளையும் தொகுப்பாக ஏற்றியாக வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2022 அக்டோபர் 20-இல் இந்தியப் போட்டி ஆணையம் இதனைத் தவறென்று கூறி 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. இந்திய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தேடுபொறியைப் பயனரே தேர்ந்தெடுக்கலாம் என 2023 சனவரியில் கூகுள் அறிவித்தது. அவ்வாண்டு மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தண்டத்தை உறுதி செய்தது. ஆணையத்தின் கட்டளைகள் சிலவற்றை நீக்கியது. முழு வெற்றி அன்று; ஆயினும் பேசாதிருந்தால் இவ்வளவும் கிடைத்திராது.

எங்கள் ஊர்ப் பெருமானைப் பற்றி வைணவ மரபு சொல்லும் ஒரு வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். திருக்கோட்டியூரில் பதினெட்டு முறை நடந்து மந்திரப் பொருளைக் கற்ற இராமாநுசர், எவர்க்கும் சொல்லாதே என்ற ஆணையை மீறிக் கோபுரத்தின் மேலேறி அனைவர்க்கும் அதை உரைத்தார் என்பர். 1989-இல் டிம் பெர்னர்சு-லீ என்னும் அறிஞர் செர்ன் ஆய்வு நிலையத்தில் வலை என்னும் அமைப்பை வகுத்தார். 1993 ஏப்ரல் 30-இல் அந்நிலையம் அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என உலகுக்கு அளித்துவிட்டது. இரண்டும் வேறு வேறு காலம், வேறு வேறு துறை. எனினும், பொதுவாக்கப்பட்ட அறிவை எவரும் திரும்பப் பூட்டி வைக்க முடியாது என்பது இரண்டிலும் விளங்கும்.

இனி அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். நாங்கள் இருவரும் அமர்ந்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினோம். பெற்றுக்கொண்டோம் என்ற செய்தி மறுநாளே வந்தது. பன்னிரண்டாம் நாள், கணக்கு அவளுடையது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று பதில் வந்தது. அத்துடன் எல்லாம் முடிந்தது என்று நான் அவளை அனுப்பிவிட்டேன். மேல்முறையீட்டுக் குழு ஒன்று உண்டு என்பதையும், அதற்கு 30 நாள் தவணை உண்டு என்பதையும் இரண்டு மாதம் கழித்தே படித்து அறிந்தேன். முறையிட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்று உறுதியாகக் கூற முடியாது. ஆனால் தட்டக்கூடிய ஒரு கதவு இருந்தது. அதை நான் அறியவில்லை. எத்தனையோ மாணவர்களுக்கு உரிமையும் கடமையும் கற்பித்த எனக்கு அந்த அறியாமை இன்றும் உறுத்துகிறது. அதனை அவளிடமே சொல்லி வருந்தினேன். "விடுங்க சார், மற்ற பிள்ளைகளுக்காவது சொல்லுங்க" என்றாள். அவள் சொல்லே இந்தப் பேச்சுக்குக் காரணம்.

பிறகு ஒரு சிறு ஆறுதல் கிடைத்தது. அத்தையின் கைப்பேசியில், முன்பு அவள் அனுப்பியிருந்த பதினொரு படங்கள் இருந்தன. அவற்றை அச்சிட்டு வீட்டில் மாட்டியிருக்கிறாள். தந்தையின் குரல் மட்டும் கிடைக்கவில்லை.

மாணவ நண்பர்களே, சட்டம் முழுமை பெறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலையே சில காரியங்களைச் செய்யலாம். உங்கள் கணக்குகளில் மீட்பு வழியாக எண் ஒன்றை மட்டும் வைக்காமல், மின்னஞ்சல் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். சிம்மைக் கைவிடும் முன், அந்த எண்ணோடு கட்டப்பட்ட கணக்குகளை எல்லாம் புதிய எண்ணுக்கு மாற்றுங்கள். நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் எண்ணை விடாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றுங்கள். பெரிய தளங்கள் பலவற்றில் உங்கள் தகவலைப் பதிவிறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை அதனைப் பயன்படுத்தி, இழக்க விரும்பாதவற்றின் படி ஒன்றைப் பென்டிரைவிலோ கணினியிலோ வீட்டில் வையுங்கள். பொதுக் குறியீட்டிலும் பொது வடிவங்களிலும் எழுதப் பழகுங்கள். தவறு நேர்ந்தால் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். நாளைக் குறித்து வையுங்கள். பதில் நிறைவளிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் மேலே செல்லுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களின் கைப்பேசியையும் இவ்வாறே சரிபார்த்துக் கொடுங்கள். அவர்களுக்கு உங்களை விட்டால் ஆசிரியர் இல்லை.

எங்கள் சாலையில் தினமும் ஆயிரக்கணக்கான கைப்பேசிகள் லாரி ஏறிச் செல்லுகின்றன. அவற்றைச் செய்யும் கைகள் நம் பிள்ளைகளின் கைகள். செய்யக் கற்ற கை, கேட்கவும் கற்க வேண்டும். அடுத்த முறை ஒரு திரை உங்களிடம் "சம்மதமா?" என்று கேட்கும்போது, விரல் தொடுவதற்கு முன் ஒரு கணம் நின்று, அந்த அறையின் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள்.